சில்லு

ஐம்பத்திரண்டு. ஐம்பத்து நான்கு. ஐம்பத்தாறு. அறுபது.
கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு நாலாக,
கற்கண்டு நிறத்தில்.
வேறு யார் பார்த்தாலும் எல்லாம் ஒன்றுதான்.
எனக்கு அப்படிப் பார்க்க வராது.
பகல் முழுக்க பீல் நகரத்துத் தொழிற்சாலையில்
கைக்கடிகாரச் சில்லுகளை வில்லைக்கு அடியில் வைத்து
மில்லிமீட்டரை நூறாகக் கிழித்து
ஒரு கீற்றுக் கூடினாலும் கழித்துப் போடுகிறவள்.
நான் அளக்கும் சில்லுக்குப் பக்கத்தில்
எள்ளு ஒரு பாறாங்கல்.

இந்தக் கடையில் நாலு மில்லிமீட்டர் என்பது
ஒரு ஊர் தூரம்.

என்னோடு வேலை செய்யும் சென்னை வர்ஷிணி
நான் சில்லு என்று சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள்.
அவளுக்குச் சில்லென்றால் உடைந்தது,
காலில் குத்துவது.
எனக்கு உருள்வது.
போன மாதம் நாங்கள் இருவருமே சரி:

மாசிக் கடைசி. பனி போய்விட்டது,
பனிக்கு நகரசபை தூவிய பொடிக்கல் போகவில்லை.
ரயில் நிலையச் சுரங்கத்தைத் தாண்டி ஏரிப்பக்கம்
ஐம்பத்திரண்டில் போனேன், கல்லுப்போல இறுகின சில்லு.
ஒரு மிளகளவு கல்.
பலகை நின்றது.
நான் நிற்கவில்லை.
என் முழங்கைத் தோல் அந்த வளைவில்
இன்னும் கொஞ்சம் இருக்கலாம்.

லோரிஸ் காயத்தைப் பார்க்கிறான், விலை சொல்லவில்லை.
"எங்கே ஓட்டுவீங்கள்?"
முதலில் பிரெஞ்சில், பிறகு ஜெர்மனில்.
இந்த ஊரில் எதையும் இரண்டு தரம் கேட்பார்கள்.
இரண்டு தரமும் என்னிடம் பதில் இல்லை.

படிக்கட்டுத் தாவுகிறேன் என்றால்
சின்னதை எடு என்பான்:
பாரமில்லை, உந்தினதும் பாயும்,
பலகை நிலத்தின் காதோடு பேசும்.
பூங்காவின் சீமெந்துக் கிண்ணத்துக்குள் இறங்குகிறேன் என்றால்
ஐம்பத்தெட்டு:
வேகம் பிடிக்க நேரமாகும், பிடித்தால் விடாது.
வேலைக்குப் போக என்றால் அறுபது, மெத்தென்று,
பழைய நகரத்துக் கல்பதித்த தெருவிலும்
பல் ஆடாது.
ஆனால் அறுபதைப் பூட்டி ஒடித்துத் திரும்பினால்
சில்லு பலகையைக் கடிக்கும்.
கடிக்காமலிருக்க இடையில் ரப்பர்த் தகடு.
தகடு வைத்தால் பலகை உயரும்.
உயர்ந்தால் விழும் தூரமும் உயரும்.

நான் என்ன சொல்ல?
காலை ஐந்தரைக்கு வேலைக்கு.
மாலையில், யாரும் இல்லாத வாகனத் தரிப்பிடத்தில்,
நாலு மாதமாக ஒரேயொரு துள்ளல்,
அதுவும் நடைபாதை விளிம்பின் உயரம்.
படத்தில் பார்த்த ஒருத்தியின் காலுக்குச் சரியான சில்லை
என் காலுக்கு வாங்கியிருந்தேன்.
இதை ஜெர்மனில் சொல்ல வெட்கமாக இருந்தது.
பிரெஞ்சில் சொல்லத் தெரியாது.

பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன்.
பழைய நாலையும் கழற்றி அளந்தேன், பழக்கதோஷம்.
வலப்பக்கம்: ஐம்பத்தொன்று தசம் எட்டு, இரண்டும்.
இடப்பக்கம்: ஐம்பது தசம் ஒன்பது. ஐம்பது தசம் ஆறு.
பின் இடதில் ஒரு தட்டை,
பயந்து இழுத்து நிறுத்தின நாட்களின் தட்டை.

லோரிஸ் எட்டிப் பார்த்துவிட்டு
"நீங்கள் வலப்பக்கம் திரும்புவதே இல்லை" என்றான்.

நாலு மாதம். எனக்கே தெரியாது.
கேள்விக்குப் பதில்
நான் கேட்பதற்கு முன்பே தேய்ந்து கிடந்தது.

ஐம்பத்தாறு, கொஞ்சம் மென்மை, நாற்பத்திரண்டு பிராங்க்.
கடை வாசலிலேயே பூட்டினேன்.
பொடிக்கல் காலடியில் வெடித்தது
கடுகு தாளிக்கிற மாதிரி,
ஒன்றுகூடப் பிடித்து நிறுத்தவில்லை.

கால்வாய்ப் பாலத்தடியில் வலப்பக்கம் திரும்பினேன்.

விழுந்தேன்.
இந்த முறை கல்லைக் குறை சொல்ல முடியாது.